வாட்டர் பேப்பர்க்காரி

காரைப் பளபளப்பாக்கும் தொழிலில் முதல் வேலை, அதில் இருக்கிற பளபளப்பை எடுப்பதுதான்.

புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. பக்கத்தில் போய்ச் சாய்வாகப் பார்த்தால் ஆரஞ்சுப் பழத்தின் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். நடுநடுவே தூசி, சில நாள் ஒரு கொசுவும் சிறகோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். நிறத்துக்கு மேலே கிளியர் என்று நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து ரப்பர் கட்டையில் சுற்றி, அந்தப் பூச்சை மட்டும் மயிரிழை அளவுக்குத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். தேய்த்த இடமெல்லாம் மங்கிப்போகும். பிறகு மெஷினில் காம்பவுண்டு என்கிற பசையை வைத்துப் பாலீஷ் போட்டால் இழந்த பளபளப்பு இரண்டு மடங்காகத் திரும்பும். சுந்தராபுரத்தில் ஜபார் பாய் பட்டறையில் ஆறு வருஷமாக இதுதான் என் வேலை. என் பெயர் கலாமணி.

அதற்கு முன்னால் நூல் மில்லில் இருந்தேன். மில்லை மூடியதும், பட்டறை கூட்டித் துடைக்க ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். பாய் கோட்டைமேட்டுக்காரர். பெயின்ட் அடிப்பதில் அவரை விஞ்ச ஆளில்லை. ஒருநாள் ஒரு கதவைத் துடைத்துக்கொண்டிருந்தவள், "பாய், இங்க ஒரு மணல் இருக்குதுங்க" என்றேன். அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தடவிப் பார்த்தார், இருந்தது. அறுந்த நூலை விரலாலேயே தேடிப் பழகிய கை என்னுடையது. அன்றைக்கே சீமாறைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு வாட்டர் பேப்பரைக் கையில் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் போர்வெல் ரிக்கில் வேலை செய்கிறார். திருச்செங்கோட்டு வண்டி. தீபாவளி முடிந்ததும் கிளம்பினால் சத்தீஸ்கர் பக்கம் போய்ப் பாறையைத் துளைத்துவிட்டு, அங்கே மழை பிடித்த பிறகு ஆடி மாசத்தில்தான் வருவார். பிள்ளை இல்லை. குறிச்சியில் ஒரு லைன் வீட்டில் வருஷத்தில் எட்டு மாசம் நான் மட்டும்தான்.

தையல் மெஷின் முன்னால், தறி முன்னால், கம்ப்யூட்டர் முன்னால், கேட் பக்கத்து நாற்காலியில் என்று நாள் முழுக்க வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். சாயங்காலம் பஸ்ஸில் "எறங்கோணுமுங்க" என்று சொல்லும்போதுதான் நம்முடைய குரலை நாமே முதல்தடவையாகக் கேட்போம். இது அப்படிப்பட்டவர்களுக்காக.

சாம்பல்

கோபியிலிருந்து ஒரு வாழை விவசாயி. வாங்கிய முதல் கார், கருப்பு நிறம். ஒரு லாரிக்காரன் முன்பக்கத்தை உரசிவிட்டுப் போய்விட்டதால் பானெட்டுக்குப் புதிதாக அடித்திருந்தோம். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் பாய். மனசு கேட்காமல் அவர் இன்றைக்கே வந்துவிட்டார். பாய் பெயின்டில் கலக்கிற தின்னர் வாங்கப் போயிருந்தார். நான் மட்டும் பானெட்டைத் தேய்த்து முடித்துத் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தேன். கருப்பு இருந்த இடத்தில் அடுப்புச் சாம்பல் நிறம்.

மனுஷர் சத்தம் போடவில்லை. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால்தான் மரியாதை கூடும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏனுங்க அம்மணி, இது என்ற வண்டிதானுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "பாலீஷ் போட்டா வந்துருமுங்க" என்று மூன்று தடவை சொன்னேன். அவர் வேலியோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டு போனில் யாரிடமோ பேசினார். தோள் குலுங்கியது.

நான் மெஷினை எடுத்தேன். பானெட்டின் நடுவில் ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் பாலீஷ் போட்டுத் துணியால் துடைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். அதில் அவர் முகம், மேலே தகரக் கூரை, அதற்கு நடுவில் ட்யூப் லைட் எல்லாம் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் சொன்னார்:

"இத மொதல்லயே செஞ்சு காட்டியிருந்தீங்கன்னா, ஊட்டுக்காரிக்குப் போனப் போட்டு நான் அழுதிருக்க மாட்டேனுங்களே!"

இடது பக்கம்

கால் டாக்ஸி ஓட்டுகிற ஒருவர். ஐம்பது வயசு இருக்கும். வெள்ளை வண்டி, வெயிலிலேயே நின்று நின்று சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தது. "இடது பக்கம் மட்டும் பாலீஷ் போட்டாப் போதுமுங்க" என்றார். பாய்க்கு விளங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் என்றால் பார்க்க அசிங்கமாக இருக்குமே என்றார். "ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல யாருங்க பாக்கறா?" என்று பதில் வந்தது.

இரண்டு கதவையும் நான்தான் செய்தேன். அவர் எங்கேயும் போகவில்லை. ஸ்டூலைப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சுக்கு ஆள் கிடைத்தது என்று எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். விமான நிலையத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறார், வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் போனிலேயே பேசிக்கொண்டு வந்து போனிலேயே பேசிக்கொண்டு இறங்குவது, பணம்கூட போனிலேயே வந்துவிடுவதால் இப்போது யாரும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது எல்லாம் சொன்னார். முடித்துத் துடைத்ததும் பளிச்சென்று இருந்தது. மனசு கேட்காமல், "அண்ணா, வலது பக்கத்தையும் சும்மா ஒருக்கா மெஷின் உட்டுத் தாரனுங்க" என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

"ஏர்றவீங்க எறங்கறவீங்க எல்லாம் இடது பக்கமுங்க அம்மணி. வலது பக்கத்துல நான் ஒருத்தன்தான எறங்கறேன், என்னைய யாரு பாக்கப்போறா?"

ரேகை

வாட்டர் பேப்பர் வண்டியை மட்டும் தேய்ப்பதில்லை, பிடித்திருக்கிற கையையும் சேர்த்துத்தான் தேய்க்கும். ஆறு வருஷத்தில் என் பத்து விரலும் கூழாங்கல் மாதிரி வழுவழுப்பாகிவிட்டன. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின் வந்து சேரும் வரைக்கும்.

முதலில் வலது கட்டை விரல். மெஷின் கூவியது. அப்புறம் ஆள்காட்டி விரல். பில் போடுகிற பெண் நல்ல மாதிரி. என் கையை வாங்கித் தன் துப்பட்டாவில் துடைத்து, ஊதி, அவளே அழுத்திப் பார்த்தாள். பத்து விரலும் முடிந்தன. கண்ணைக் காட்டுகிற மெஷின் அன்றைக்கு ரிப்பேர். பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. அடுத்த வாரம் போய்க் கண்ணைக் காட்டி அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பெண் கார்டைத் திருப்பிக் கொடுத்தபடி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொன்னது மட்டும் வெறும் பையோடு வீடுவரைக்கும் கூடவே வந்தது.

"உங்க கை விழ மாட்டேங்குதுங்கக்கா. ஊட்ல வேற யாராச்சும் இருந்தா, அவங்களக் கூட்டிட்டு வாங்க."

சிவப்புத் தண்ணீர்

இனி சொல்லப்போவது என் தப்பு.

தேய்க்கும்போது வழிகிற தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கிளியர் மட்டும்தான் தேய்கிறது என்று அர்த்தம். வண்டியின் நிறம் தண்ணீரில் வந்துவிட்டால் மேல்பூச்சு போய் நிறத்தைத் தொட்டாயிற்று. மறுபடியும் அடிப்பதைத் தவிர வழியில்லை. அதிலும் கதவின் ஓரங்களில் பூச்சு மெல்லிசாக நிற்கும். அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் கட்டையை வைக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்கு அது மறக்காது.

இது நடந்த வருஷம் தை மாசத்திலிருந்தே என் வீட்டுக்காரருடைய போன் குறைந்துகொண்டு வந்தது. தினமும் சாயங்காலம் பேசுகிறவர், இரண்டு நாளைக்கு ஒருதடவை, பிறகு வாரத்துக்கு ஒருதடவை என்றானார். பேசினாலும், "நல்லாருக்கியா கண்ணு, சாப்டியா, செரி வெக்கறேன்" அவ்வளவுதான். நான் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொன்னார். மாசியில் எனக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாதான் எனக்கும் சேர்த்துக் கஞ்சி வாங்கிக் கொடுத்தார். வேலைக்குத் திரும்பி வந்த அன்று மத்தியானம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "மூணு நாளு ஆஸ்பத்திரில கெடந்தனுங்க" என்றேன். அவர் "செரி செரி, நல்லது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நல்லது! அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு ஒரு சிவப்புக் காரின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டேப் ஒட்டவில்லை. பார்த்தபோது தண்ணீர் சிவப்பாக வழிந்து என் புறங்கையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டி அவிநாசிக்காரர் ஒருவருடையது. மூன்றாம் நாள் அவர் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அதில்தான் போக வேண்டும். கொஞ்சம் மெழுகு வைத்து அமுக்கிவிட்டால் ஒரு மாசம் தெரியாது. எனக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆனாலும் போய்ச் சொன்னேன். "பாய், கதவக் கெடுத்துப்போட்டேனுங்க. வேணும்னேதான் பண்ணுனனோ என்னமோ, எனக்கே தெரியலீங்க." அவிநாசிக்காரருக்கும் நானே போன் செய்து சொன்னேன். அவர் கல்யாண வேலைக்கு நடுவில் நாலு வார்த்தை கடுமையாகப் பேசினார், கேட்டுக்கொண்டேன். கதவுக்கு மறுபடி அடித்து, விளக்குப் போட்டுக் காயவைத்து, தேய்த்துப் பாலீஷ் போட்டு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியை அனுப்பிவிட்டோம். ஆனால் நான் சொல்ல வந்தது பாய் அந்த நேரத்தில் சொன்னதை. நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, ஸ்ப்ரே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்.

"கதவுக்கு இன்னொரு கோட்டு அடிச்சுக்கலாம்மா. நீ போய் மொதல்ல முகத்தக் கழுவிட்டு வா."

திருஷ்டி

இடம் வாங்கி விற்கிற ஒரு பொள்ளாச்சி ரோட்டுக்காரர், பெரிய வண்டி, முழுக்கப் பாலீஷ். முடியப்போகிற நேரத்தில் வந்தவர் பதறிப்போனார். இவ்வளவு பளபளப்பு ஆகாது, ஊர்க்கண் படும் என்று. "பின்னால ஒரு கையகலம் மங்கலாவே உட்ருங்க அம்மணி, திருஷ்டி கழியட்டும்." எனக்கு உடம்பே கூசியது. சோற்றுப் பானையில் தெரிந்தே ஒரு கல்லைப் போடுவது போல. ஆனால் வண்டி அவருடையது. டிக்கியின் ஓரத்தில் ஒரு உள்ளங்கை அளவை அப்படியே விட்டேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். அதையும் பாலீஷ் போட்டுவிடச் சொன்னார். ஏனுங்க, கண்ணு பட்டாப் பரவாயில்லீங்களா என்று கேட்டேன்.

"வண்டி சூப்பரா இருக்குதுன்னு ஒருத்தனும் சொல்லலீங்க. 'அந்த எடத்துல என்னாச்சு, எங்க இடிச்சே'ன்னுதான் ஊரே கேக்குது!"

தப்பு வண்டி

பட்டறையில் ஆண்கள் எல்லாரும் மத்தியானம் முன்பக்கம் தகரக் கூரையின் கீழ் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். என்னை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் நான் போனால் பேச்சு நின்றுவிடும், காலை மடக்கிக்கொண்டு மரியாதையாக உட்காருவார்கள். அவர்களுடைய ஒரு மணி நேரத்தை எதற்குக் கெடுப்பானேன் என்று ஸ்ப்ரேக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரசருக்குப் பின்னால் ஒரு டயரைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஆறு வருஷத்துச் சாப்பாடு அந்த டயரில்தான்.

நான் சிவப்புக் கதவைக் கெடுத்ததற்கு அடுத்த மாசம், பங்குனியில், டிங்கர் வேலைக்கு ஒருவர் புதிதாக வந்தார். ஒடுக்கு எடுத்துத் தகடைச் சமமாக்குகிற வேலை. பெயர் சுக்ராம். நாற்பது வயசு, சத்தீஸ்கர்காரர். தமிழ் அரைகுறை. அவரும் வட்டத்தில் சேரவில்லை; ரொட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு எதிர்மூலையில் உட்கார்ந்துகொள்வார். ஒரு வாரம் இரண்டு பேரும் இரண்டு மூலையில் மென்றுகொண்டிருந்தோம். ஒருநாள் நானே கேட்டேன், உங்கள் ஊரில் இப்போது வெயிலா மழையா என்று. எதற்கு என்றார். என் வீட்டுக்காரர் ஜக்தல்பூர் பக்கம் ரிக்கில் இருக்கிறார் என்றேன். அவர் எழுந்து வந்து, தூசி படிந்திருந்த ஒரு பழைய கதவில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். இது ரயில், இது ஜக்தல்பூர், இங்கே நான். ஒரு பஸ் தூரம்தான். அங்கே அவருக்கு வீடு இருந்தது, மனைவி இருந்தாள், இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். மழை இனிமேல்தான், இலுப்பைப்பூ விழுகிற காலம், காடெல்லாம் அந்த வாசனைதான் இருக்கும் என்றார்.

அதற்குப் பிறகு தினமும் கொஞ்சம் பேசினோம். ஒருநாள், வீட்டுக்காரர் சரியாகப் பேசுவதில்லை, என் மேல் ஏதோ கோபம் போல என்பதையும் சொல்லிவிட்டேன். உறவுக்காரர்களிடம் சொல்லாததை, பாதி வார்த்தை புரியாத ஒருவரிடம் சொல்லிவிட முடிகிறது. அவர் அந்தத் தூசிக் கதவைக் காட்டிச் சொன்னார்:

"உங்க ஆளு எங்க ஊரு. நான் உங்க ஊரு. ரெண்டு பேரும் தப்பு வண்டி ஏறிட்டோம் அக்கா."

கோபம்

ஆடி பிறந்து நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு கார் கூரையில் மெஷின் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என் வீட்டுக்காரர் நிற்கிறார். ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல், தோளில் பையோடு நேரே பட்டறைக்கு வந்துவிட்டார். கறுத்து மெலிந்திருந்தார். மெஷினை நிறுத்தினேன். அதற்குள் அவர் வண்டிப் பக்கம் திரும்பி, நான் பாலீஷ் போட்ட இடத்தைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"எப்ப வந்தீங்க?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன். பதில் இல்லை. "ஏனுங்க, உங்களைத்தானுங்க." இல்லை. உள்ளே இருந்து பாய், "வாங்க மாப்ளே, வாங்க!" என்று கூப்பிட்டார். அதற்கும் திரும்பவில்லை. எட்டு மாசம் கழித்து வந்து, ஊரார் முன்னால் இப்படியா என்று எனக்கு அவமானமாக இருந்தது. அப்போது கம்ப்ரசர் நிரம்பி, காற்றை வெளியே தள்ளுகிற மூடி படாரென்று திறந்தது. பட்டறையில் எல்லாரும் ஒரு கணம் துள்ளினோம், தினமும் கேட்கிற நானும்கூட. அவர் மட்டும் துள்ளவில்லை. அமைதியாகக் காரைத் தடவிக்கொண்டிருந்தார்.

சுக்ராம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கையையும் பலமாகத் தட்டினார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, மெதுவாக, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார்:

"அக்கா, அவருக்குக் கோவம் இல்ல. காது இல்ல."

கைப்பேச்சு

என் புருஷனுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்கிறேன். 'நல்லது' என்று அவர் சொன்னது என் ஆஸ்பத்திரிக்கு அல்ல. என்ன சொன்னேன் என்றே தெரியாமல், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது. அந்தச் சந்தோஷம் வீடு போய்ச் சேருவதற்குள் அழுகையாக மாறிவிட்டது. ரிக் கம்ப்ரசர் பக்கத்திலேயே இருபது வருஷம் நின்ற காது, ஒரு வருஷமாகவே போய்க்கொண்டிருந்ததாம். சொன்னால் நான் வேலைக்குப் போக விடமாட்டேன் என்று மறைத்தாராம். போனில் என் குரல் ஈசல் இரைகிற மாதிரிதான் கேட்டதாம்.

ஆஸ்பத்திரியில் காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். மாட்டினால் பாத்திரச் சத்தமும் பஸ் ஹார்னும்தான் பெரிதாகக் கேட்கிறது, உன் பேச்சு கேட்கவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே, "அவருகிட்டச் சொல்லுங்க" என்று என்னிடம் பேசினார்கள். டீக்கடையில் எல்லாரும் சிரிக்கும்போது அவர் ஒரு நொடி தாமதமாகச் சிரித்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு அவர் டீக்கடைக்குப் போவதில்லை. நான் வேலை முடிந்து வரும்போது லைட்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். எட்டு மாசம் தனியாக இருந்த நான், என்னைவிடத் தனியாக ஒரு ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருப்பதைப் பார்த்தேன். தீபாவளி முடிந்ததும், மறுபடியும் ரிக்குக்குப் போகிறேன் என்றார். மிச்சமிருக்கிற காதும் போய்விடும் என்று அழுதேன், எழுதியும் காட்டினேன். "ரிக்குல யாருக்கும் காது வேண்டியதில்ல கண்ணு. அந்தச் சத்தத்துல எல்லாரும் கையிலதான் பேசுவோம். அங்க மட்டுந்தான் நான் எல்லாரு மாதிரியும் இருக்கேன்" என்றார். காதை மூடுகிற கவசத்தை எந்நேரமும் மாட்டிக்கொள்வதாக என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணவைத்து அனுப்பினேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

போவதற்கு முந்தின வாரம் முழுக்க எனக்கு ரிக் பாஷையைச் சொல்லிக்கொடுத்தார். கட்டை விரலை மேலே காட்டினால் கம்பியைத் தூக்கு, உள்ளங்கையை அமுக்கினால் இறக்கு, முஷ்டியை மூடினால் நிறுத்து, விரல்களைக் குவித்து மேலே விரித்தால் தண்ணீர் வந்துவிட்டது. அது போதவில்லை என்று நாங்களே சிலதைச் சேர்த்துக்கொண்டோம்: நெற்றியில் புறங்கையை வைத்தால் காய்ச்சல், வயிற்றைத் தட்டினால் சாப்பிட்டாயா, காதைப் பொத்தினால் கவசம் மாட்டினீர்களா. இப்போது தினமும் மத்தியானம் டயரில் உட்கார்ந்து, போனை அந்தத் தூசிக் கதவில் சாய்த்து வைத்து, வீடியோவில் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறேன். சுக்ராம் தன் ரொட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனில் அவருக்குப் பின்னால் தெரிகிற மலை எந்த மலை என்று எனக்குச் சொல்வார். முதல் நாள் நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஸ்ப்ரே துப்பாக்கியோடு அந்தப் பக்கம் வந்த பாய், நான் காற்றில் கையை வீசுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா கலாமணி, சோத்துல அவ்வளவு ஈயா மொய்க்குது?"

ஆக மொத்தம், ஊரார் வண்டியில் முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க மட்டும் டவர் கிடைக்க வேண்டியிருக்கிறது.